இரண்டு பேர் கழுவிய குளியலறை

கண்டக்டருக்கு மூக்கு செத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. பஸ்ஸில் இருந்தவரை டீசல் புகை, பஸ்ஸை விட்டு இறங்கினால் சிகரெட் புகை. இரண்டும் சேர்ந்து அந்த மூக்கை முகத்தில் வெறும் மேடாக்கி விட்டிருந்தன. அடுப்பில் பால் தீய்ந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதற்காக அவர் வருத்தப்பட்டதும் கிடையாது. "மோந்து பார்த்துப் பொழைக்கிறதுக்கு நான் என்ன நாயா?" என்பார்.

வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். மூன்றாவது மாடியில் மகன், மருமகள், பேத்தி, அவர் என்று நாலு பேர். மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மருமகள் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வை. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது, வீட்டில் பட்டாணி.

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை.

பட்டாணிக்கு இழுப்பு வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மூச்சுக்குத் திண்டாடி, நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் போட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய மருமகள் திரும்பி வந்ததும் முதல் காரியமாக மாமனாரின் தலையணைக்கு அடியில் இருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்தாள். அவர் பார்க்கப் பார்க்க அதைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்து விட்டாள்.

"புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமா. இதோட முடிஞ்சுது."

"என் பென்ஷன் காசுல வாங்கினது அது."

"பிள்ளை மூச்சு யார் காசுல வாங்கினது?"

அவ்வளவுதான். அன்றைக்கு அடைத்த வாய் இரண்டு பேருக்கும் திறக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் பட்டாணி தபால்காரி. "பட்டாணி, தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பட்டாணி, குழம்புல உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பட்டாணி ஒருத்தர் முகத்தையும் இன்னொருத்தர் முகத்தையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கே காது கேக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டைப் பார்க்கும்.

ஆனாலும் இழுப்பு நிற்கவில்லை.

கண்டக்டர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். பிள்ளைக்கு ஆகாதது புகையில்லை, அழுக்கு. கிருமி. மருமகள் வேலைக்குப் போகிற அவசரத்தில் வீட்டை அரைகுறையாகக் கழுவிவிட்டு ஓடுகிறாள். அதிலும் அந்தக் குளியலறை. ஆகவே அதை அவரே கவனிக்க ஆரம்பித்தார். இரும்புக் கடையில் சொல்லி, கழிப்பறைக் கறையை உரித்து எடுக்கிற ஆசிட்டைப் பழைய ஜூஸ் பாட்டிலில் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அவள் இல்லாத நேரம் பார்த்து ஊற்றித் தேய்ப்பார். நுரைத்துக்கொண்டு வரும். நுரையைப் பார்த்தால் அவருக்குத் திருப்தி.

மருமகளிடம் வேறு கணக்கு. கிழவர் படிக்கட்டு வளைவில் போய் நின்று ஊதுகிறார். அந்த நாற்றம் அவர் சட்டையோடு வீட்டுக்குள் வருகிறது. குளியலறையில்தான் அது தங்குகிறது. ஆகவே லாட்ஜிலிருந்து ப்ளீச்சைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டு வந்து, அவர் குளித்து முடித்ததும் தரையெல்லாம் ஊற்றி ஊற வைத்து, வேலைக்குக் கிளம்புமுன் அலசி விடுவாள். அப்புறம் கூடத்தில் ரோஜா வாசனை ஸ்ப்ரே, அலமாரிக்குள் பூச்சி உருண்டை, தரைக்கு எலுமிச்சை மணமுள்ள திரவம். லாட்ஜில் அறைக்கு அறை செய்கிறதை வீட்டிலும் செய்தாள். லாட்ஜில் விருந்தாளி மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இங்கே பிள்ளை அதே அறையில் தூங்கி அதே அறையில் எழுந்தது.

இத்தனைக்கும் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் பாதி வெளியே போயிருக்கும். கீழ்த்தளத்தில் டைல்ஸ் அறுக்கிற பட்டறை. மிஷின் ஓடினால் வெள்ளைத் தூசி புகைமாதிரி எழும்பி மூன்றாவது மாடிக்கு வரும். அதனால் மருமகள் எல்லா ஜன்னல் இடுக்குகளிலும் பழுப்பு டேப்பை ஒட்டியிருந்தாள். குளியலறையில் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று உண்டு. அதற்குள் புறா கூடு கட்ட வந்ததால் கண்டக்டர் அட்டையை வைத்து அடைத்திருந்தார். அவள் ஒரு பக்கம் அடைத்தாள், இவர் ஒரு பக்கம் அடைத்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் பேசாமலே ஒத்துப் போயிற்று.

போன இழுப்பின்போது மருமகள் கணவனிடம் சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது. "இதான் கடைசி. இன்னொரு தடவை இவளுக்கு இழுத்துச்சுன்னா, எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். படிப்பு அங்கேயே. நீங்க வேணும்னா வந்து பார்த்துக்குங்க. உங்கப்பா வர வேணாம்."

கண்டக்டர் அப்போது செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்ததைப் பட்டாணிதான் கவனித்தது.

அன்றிலிருந்து அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

*

அன்று காலை மகன் வேலைக்குப் போய்விட்டான். பட்டாணிக்கு விடுமுறை. மருமகள் மதியத்துக்கு மேல்தான் லாட்ஜுக்குப் போக வேண்டும். அவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்ததும், அவள் வழக்கம்போல் குளியலறைக்குள் போய் வந்தாள். கதவைச் சாத்தினாள். துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"பட்டாணி, நான் மொட்டை மாடிக்குப் போறேன். வாசல் கதவுகிட்ட போகாதே."

வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பட்டாணி ஒரு தரம் நழுவிப் பட்டறை வாசலில் போய் நின்றதிலிருந்து அவள் அப்படித்தான் செய்கிறாள். வெளித் தாழ்ப்பாள். உள்ளே கிழவர் ஒருத்தர் குத்துக்கல் மாதிரி இருக்கிறாரே என்று அவளுக்கு எண்ணம் இல்லை. "என்னையும் சேர்த்துல்ல பூட்டறா" என்று கண்டக்டர் முணுமுணுத்தார்.

பட்டாணி மேசையில் கலர் பென்சில்களைப் பரப்பி ஒரு பஸ் வரைந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குச் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் நிறைய இருந்தது.

"தாத்தா, கண்டக்டர் எங்க நிப்பாரு?"

"எங்க இடம் இருக்கோ அங்க நிப்பாரு. எங்கயும் இடம் இருக்காது."

சொல்லிக்கொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஜூஸ் பாட்டிலை எடுத்தார். மற்ற நாளென்றால் அவள் லாட்ஜுக்குப் போன பிறகுதான் எடுப்பார்; இன்று துணி காயப்போடவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் முடித்துவிடலாம்.

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. தான் குளித்த ஈரம் என்று நினைத்தார். கழிப்பறைத் தொட்டியிலும் ஏதோ தேங்கி நின்றது. மூக்குள்ள எவனும் கதவைத் திறந்ததுமே பின்னால் நகர்ந்திருப்பான். கண்டக்டர் தாராளமாக ஊற்றினார். தொட்டியில் கொஞ்சம், தரையில் கொஞ்சம், மூலையில் கறை இருந்த இடத்தில் நிறைய.

சீறியது. வழக்கமான நுரை இல்லை, கொதிக்கிற மாதிரி ஒரு கொந்தளிப்பு. தரையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு மங்கல் எழும்பி முழங்காலைச் சுற்றியது. அவர் அதைக் கண்ணால்தான் பார்த்தார். அடுத்த மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள் கத்தி இறங்கியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இருமினார்; இருமிய இருமலுக்குப் பதிலாக உள்ளே இழுக்கக் காற்று இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். கதவின் அடியில் நல்ல இடைவெளி. அந்த மங்கல் அதன் வழியாகச் சாவகாசமாக வெளியே வந்தது.

"தாத்தா, என்ன நாத்தம்..." என்று பட்டாணி ஆரம்பித்து, முடிக்கவில்லை. இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைக் கண்டக்டருக்குத் தெரியும். முதலில் வறட்டு இருமல், பிறகு தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறும், பிறகு விசில். நேரே வாசல் கதவுக்கு ஓடிக் கையாலும் காலாலும் இடித்தார். எதிர்வீட்டில் வேலைக்குப் போயிருந்தார்கள். "யாராவது திறங்கய்யா!" என்று கத்தினார். தொண்டையிலிருந்து வந்தது கரகரப்புதான். அதையும் கீழே ஓடிய டைல்ஸ் மிஷின் தின்றுவிட்டது. போனைத் தேடினார். வீட்டில் இருந்தது மருமகளின் போன் ஒன்றுதான்; மேசை மேல் சார்ஜில் கிடந்தது, அதன் பூட்டைத் திறக்க அவருக்குத் தெரியாது.



பட்டாணியை வாரி எடுத்தார். குளியலறைக்குத் தூரமாக இருந்தது சமையலறை ஒன்றுதான். பிள்ளையை அடுப்பு மேடை மேல் ஏற்றி நிறுத்தினார். சமையலறைக் கதவைச் சாத்தி அடியில் கால்மிதியைத் திணித்தார். காய் நறுக்குகிற கத்தியை எடுத்து ஜன்னலைச் சுற்றி இருந்த டேப்பைக் கிழித்தார். நல்ல டேப். மருமகள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கிழிக்கக் கிழிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கொண்டியைத் தட்டித் தோளால் மோதினார். ஜன்னல் திறந்தது. தூசியோடு காற்று உள்ளே வந்தது.

"மூஞ்சியைக் கம்பிகிட்ட வை. வெளியே பார்த்து மூச்சு விடு."

பட்டாணி கம்பியைப் பிடித்துக்கொண்டது. தோள் ஏறி இறங்கியது. உள்ளே விசில் ஆரம்பித்திருந்தது. பேச முடியவில்லை. ஒரு கையை எடுத்துக் குளிர்ப்பெட்டியின் தலையைக் காட்டியது.

அங்கே நீல பம்ப் இருந்தது.

அந்தப் பம்ப்பை வாங்கி வந்த அன்றைக்கே கண்டக்டர் எதிர்த்தார். மருந்தென்றால் மாத்திரை, மருந்தென்றால் ஊசி. புஸ் புஸ் என்று வாய்க்குள் அடிக்கிறது என்ன மருந்து? பழகிவிட்டால் பிள்ளையை விடாது, கம்பெனிக்காரன் பொழைக்கிற வழி என்றார். அதை எப்படிப் பிடிக்கிறது என்று மகன் காட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அதையும் அதோடு கிடந்த பிளாஸ்டிக் குழாயையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். எது எதற்குள் போகும் என்று தெரியவில்லை.

பட்டாணி கையை மேலும் கீழும் ஆட்டியது.

"என்னடா?"

மறுபடி ஆட்டியது. கண்ணில் கோபம்.

"குலுக்கணுமா?"

தலையசைப்பு. குலுக்கினார். மூடியைக் கழற்றாமல் குழாயில் சொருகப் பார்த்தார். பிள்ளை கையை நீட்டி மூடியைப் பிடுங்கி எறிந்தது. சொருகினார். குழாயின் மறுமுனையைப் பிள்ளை தன் வாயில் கவ்விக்கொண்டு, அவர் கட்டைவிரலைத் தொட்டு அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பட்டாணி கண்ணை மூடி இழுத்தது. சின்ன இழுப்பு. இன்னொன்று. விரலைத் தூக்கிக் காட்டியது: பொறு. பிறகு மறுபடி கையை ஆட்டியது: குலுக்கு.

செய்தார். பிள்ளை சொன்னபடியெல்லாம் செய்தார். அதிகாரிகள் யார் சொன்னதையும் அவர் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதில்லை.

உதடு கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. கதவு இடுக்கில் திணித்த கால்மிதியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அது தாங்கும்? அவருக்கே நெஞ்சு இறுகிக்கொண்டு வந்தது. ஜன்னலில் வாயை வைத்துக் கத்திப் பார்த்தார். மிஷின் இரைந்தது.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய விசில் கண்ணில் பட்டது. வேலையிலிருந்து அவர் கொண்டு வந்த ஒரே பொருள். பட்டாணி விளையாடி விளையாடிக் காதைத் துளைக்கிறது என்று மருமகள் எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருந்தாள்.

கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி, கிடைத்த காற்றையெல்லாம் இழுத்து, ஒரே ஊது. நீளமாக. பஸ்ஸில் இரட்டை விசில் என்றால் போகலாம்; ஒற்றை விசிலுக்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து.

இருமல் அவரை மடக்கிப் போட்டது. நிமிர்ந்தார். மறுபடி ஒன்று. மறுபடி.

கீழே மிஷின் நின்றது. டைல்ஸ்காரர் முகமெல்லாம் வெள்ளையாக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன கண்டக்டரே, பஸ்ஸு எங்க?"

கண்டக்டர் கையால் பிள்ளையைக் காட்டினார். டைல்ஸ்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போயிற்று. மிஷின் சத்தம் அடங்கிய அந்த அமைதியில் அடுத்த விசில் மொட்டை மாடி வரைக்கும் போனது. மேலே வாளி உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் காலடி. தாழ்ப்பாள்.

கதவைத் திறந்தவள் ஒரு மூச்சிலேயே தெரிந்துகொண்டாள். அவளுக்கு மூக்கு உண்டு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்தைக் கடந்து சமையலறைக்கு வந்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள்.

"ஆசிட் ஊத்தினீங்களா?"

மாதக்கணக்கில் பேசாமல் இருந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"நீ என்ன ஊத்தின?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடியே வாங்க மாமா. நிக்காதீங்க" என்றாள். வாசல் கதவைச் சாத்தாமல் விரியத் திறந்து விட்டு இறங்கினாள். அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

டைல்ஸ்காரர் சரக்கு வண்டியைக் கிளப்பித் தயாராக நின்றிருந்தார்.

*

ஆஸ்பத்திரியில் பட்டாணியின் முகத்தில் ஒரு மூடியை மாட்டி மருந்துப் புகையை விட்டார்கள். அவர் வெறுத்த அந்தப் பம்ப்பின் அண்ணன் மாதிரி இருந்தது. கண்டக்டருக்கும் ஒரு குழாயை மூக்கில் சொருகினார்கள். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது.

நர்ஸம்மா தடித்த குரல்காரி. "யாரு பாத்ரூம் கழுவினது?"

"நான்" என்றார் கண்டக்டர்.

"நான்" என்றாள் மருமகள்.

"ஒரே பாத்ரூமையா?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"ப்ளீச்சு ஒருத்தரு, அதுமேல ஆசிட் ஒருத்தரு. ரெண்டும் சேர்ந்தா விஷக்காத்துன்னு தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்" என்றாள் மருமகள் மெதுவாக. "லாட்ஜுல பொண்ணுங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒருநாளும் ரெண்டையும் சேர்க்க மாட்டேன். இவரு ஊத்துவாருன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் அவர்.

"ஒரே வீட்லதானே இருக்கீங்க? பேச மாட்டீங்களா?"

மூடிக்குள்ளிருந்து பட்டாணியின் குரல் குழறிக்கொண்டு வந்தது. "மாட்டாங்க."

நர்ஸம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வேற என்னென்ன இருக்கு வீட்ல? வாசனை ஸ்ப்ரே? பூச்சி உருண்டை? தரைக்கு?" மருமகள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "ஜன்னல்?" தலை ஆடவில்லை. "நல்லாருக்கு. வீட்டைக் கழுவுறீங்களா, பிள்ளையை ஊறப் போடுறீங்களா?"

டாக்டர் வந்தார். முன்பு பார்த்த அதே டாக்டர். சீட்டைப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "புகை, தூசி, நெடி, மூணும் ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் ஏறியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

"வீட்ல இன்னும் யார் சிகரெட் பிடிக்கிறாங்க?"

அவள் விரல் மாமனார் பக்கம் திரும்பியது.

"நான் விட்டாச்சு" என்றார் கண்டக்டர்.

"பொய் சொல்லாதீங்க மாமா. தினமும் படிக்கட்டு வளைவுல போய் நின்னு..."

"நிப்பேன். ஊத மாட்டேன்."

"அப்ப எதுக்கு நிப்பீங்க?"

கண்டக்டர் மூக்கில் இருந்த குழாயைச் சரி செய்தார். பதில் சொல்லாமல் தப்ப முடியுமா என்று பார்த்தார். முடியாது. "நீ பாக்கெட்டை டாய்லெட்டுல போட்டியே, அன்னையோட விட்டாச்சு. பிள்ளைக்காக விட்டேன். ஆனா நீ சொல்லி நான் விட்டதா ஆயிடக் கூடாதில்ல? அதான் போய் நிப்பேன். கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்துட்டு வருவேன்."

டாக்டர் சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளிறியது. "இல்லாத சிகரெட்டுக்கா நான் தினமும் ப்ளீச் ஊத்தினேன்? அதுக்கா ஸ்ப்ரே அடிச்சேன்?"

"நாத்தம் அடிச்சா தெரிஞ்சிருக்கணுமே. உனக்குத்தான் மூக்கு இருக்கே."

"ரோஜாப்பூ ஸ்ப்ரேக்கு நடுவுல எனக்கு என்ன தெரியும் மாமா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் இது வேறு மாதிரி பேசாமை. முன்பு வாயை மூடிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது பிள்ளையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறுகிறது. இறங்குகிறது. டாக்டர் சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். இந்தக் காற்று நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு பிறகு வேலையைக் காட்டுமாம்.

கண்டக்டர் மனசுக்குள் ஒரு பெட்டி கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பட்டாணியின் உடுப்பு, கலர் பென்சில், நீல பம்ப். இன்னொரு தடவை இழுத்தால் என்று அவள் சொல்லியிருந்தாள். இழுத்தது இப்போது. அதுவும் யார் கையால்? தனக்கு வாதாட ஒரு வார்த்தை கிடையாது. வழக்கமாக அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சமே வராது. சில்லறை இல்லாதவனிடமே அரை மணி நேரம் பேசுவார்.

மகன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். அப்பாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் பட்டாணியின் நெஞ்சு விசில் ஊதுவதை நிறுத்தியது. டாக்டர் காதில் குழாயை மாட்டி முன்னாலும் பின்னாலும் கேட்டார். "தேறிட்டா. ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும். ஆனா திரும்ப அந்த வீட்டுக்குத்தான் போறான்னா, வீடு முதல்ல மாறணும்."

"மாறிடும்" என்றாள் மருமகள்.

கண்டக்டருக்கு அந்த ஒரு சொல் எந்தப் பக்கம் விழுந்தது என்று புரியவில்லை. வீட்டை மாற்றப் போகிறாளா, வீடு மாறிப் போகப் போகிறாளா? மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு அவள் பின்னாலேயே போனார்.

"உங்கம்மா வீட்டுக்குத்தானே? கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, அந்தப் பம்ப்பை உங்கம்மாவுக்கும் சொல்லிக் கொடு. எனக்குத் தெரியாமத்தான் இன்னைக்குப் பிள்ளை தவிச்சுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தாள்.

"எங்கம்மா வீட்ல மட்டும் என்ன மாமா? அவங்களும் தினமும் பினாயில்தான். அங்க போனாலும் நான்தானே கழுவுவேன்? என்னை எங்க விட்டுட்டுப் போறது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கட்ட வேண்டிய மூட்டை வேற. வாங்க, வீட்டுக்குப் போய் அதைக் கட்டுவோம். இவ வர்றதுக்குள்ள."

*

வீடு காலையிலிருந்து வாய் பிளந்து கிடந்தது. டைல்ஸ்காரர் படிக்கட்டில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார். உடனே உள்ளே போகவில்லை. மருமகள் வாசலிலேயே நின்று மூக்கால் வீட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஜன்னல் ஜன்னலாக டேப்பைக் கிழித்தாள். கண்டக்டர் நாற்காலி போட்டு ஏறி விசிறியை அடைத்திருந்த அட்டையைப் பிடுங்கினார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். வெறும் தண்ணீர், வேறெதுவும் இல்லை.

பிறகு பாட்டில்கள். அவள் சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் எடுத்து வந்தாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். ஜூஸ் பாட்டிலைத் திறந்து குளியலறைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனார்.

"மாமா!"

கை அப்படியே நின்றது.

"அங்கதான் என்னோடதும் போயிருக்கு. ஊத்தாதீங்க. எதையும் எங்கயும் ஊத்தாதீங்க."

மூடிகளை இறுக்கினார்கள். ஆசிட்டைக் கடைக்காரனிடமே கொடுக்க அவர் தனியாக ஒரு பையில் எடுத்துக்கொண்டார். ப்ளீச்சை லாட்ஜுக்கே கொண்டு போக அவள் வேறு பையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பை வாசலின் இந்தப் பக்கம், ஒரு பை அந்தப் பக்கம். இனிமேல் வீட்டுக்குச் சோப்பும் தண்ணீரும் பிரஷ்ஷும்தான் என்று ஆயிற்று. கறை போகாதே என்றார் அவர். இருந்துட்டுப் போகட்டும் என்றாள் அவள். கறையை மூச்சில் இழுக்க முடியாதாம்.

"தூசிக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். படியேறி வந்து நின்ற டைல்ஸ்காரர் தானாகவே, "தண்ணி விட்டு அறுக்கிறேன் கண்டக்டரே. கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும், போகட்டும்" என்றார். கண்டக்டர் நம்பவில்லை. மறுநாள் போய்ப் பட்டறையில் நின்று பார்த்தார். தண்ணீர் விட்டுத்தான் அறுத்தார்கள். அப்படியும் மிஷின் ஓடுகிற நேரத்தில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார்கள். நின்றதும் திறந்தார்கள்.

பட்டாணி வீட்டுக்கு வந்தது. இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பம்ப் குளிர்ப்பெட்டியின் தலையில் பல நாட்கள் தொடாமல் கிடந்தது. கண்டக்டர் அதை அவ்வப்போது எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைப்பார்.

குளியலறைக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. யார் கழுவினாலும் முதலில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு காலை கண்டக்டர் வாளியோடு கதவருகில் நின்றார். படிக்கட்டு வளைவுக்கு அவர் இப்போது போவதில்லை. சுவரைப் பார்க்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது.

"ஏம்மா, கழுவப் போறேன்!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "எதை வச்சு?"

"சோப்பு."

"வாளியைக் காட்டுங்க."

"என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

கண்டக்டருக்கு அது பிடித்திருந்தது. அவரும் யாரையும் நம்பாத ஆள்தான். வாளியைத் தூக்கிக் கொண்டு போய்க் காட்டினார். அவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

விசில் இப்போது எட்டுகிற ஆணியில் தொங்கியது. பட்டாணி அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தது; கூடத்து ஜன்னலைப் பார்த்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூச்சை இழுத்தது. கண்டக்டர் அந்த மூச்சையே கவனித்தார். தோள் காதுக்கு ஏறவில்லை.

பட்டாணி இரட்டை விசில் கொடுத்தது. அவர் வாளியோடு உள்ளே போனார்.